பதினோரு நிமிடம்

ராத்தா,

நேற்று எங்கள் வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தது. ஆலன் என்ற ஊரில் வீடு வாங்கிக் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது. இரண்டு பேர் அதைச் சமையலறை வரை உருட்டிக்கொண்டு வந்து, அட்டையைக் கிழித்து, தெர்மோகோலை உருவிப் போட்டார்கள். புது அட்டையும் பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை வீடு முழுக்கப் பரவியது. அவர்களில் மூத்தவர் ஒரு காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். நன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், போட்ட பிறகு கண்ணில் படுகிற நசுங்கல் எல்லாம் உங்களுடையது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

பேனாவை வாங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. நிறம் பிடிக்கவில்லையா என்று கேட்டார். கலர் நல்லாத்தான் இருக்கு என்றேன், தமிழில். அவர் என்னைப் பார்த்தார். அவசரமாகக் கையெழுத்துப் போட்டு, ஐந்து டாலர் அதிகமாகவே டிப்ஸ் கொடுத்து அனுப்பிவிட்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஃபிரிட்ஜுக்கு முன்னால் உட்கார்ந்து அழுகிறவளைப் பார்த்தால் நீங்கள் முதலில் சிரித்திருப்பீர்கள்.

நீங்கள் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. எனக்குத் தெரிந்து மூன்று வாரம்தான் ஆகிறது. இந்த மூன்று வாரமும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று உட்கார்ந்து, "அன்புள்ள" என்று ஆரம்பித்து, அந்தச் சொல்லை எழுத எனக்கு என்ன தகுதி என்று அடித்துவிட்டு எழுந்துபோயிருக்கிறேன். அதனால்தான் இதில் வெறும் ராத்தா.

ராத்தா என்று உங்களைக் கூப்பிடச் சொன்னது நீங்கள்தான். 2003. நான் நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு அபார்ட்மென்டில் இருந்தேன். நீங்கள் உங்கள் வீட்டுக்காரரோடும் மகளோடும் மான்மவுத் ஜங்ஷனில் இருந்தீர்கள். நம் ஆபீஸ் ரூட் ஒன் நெடுஞ்சாலையில் இருந்து உள்ளே தள்ளி, பஸ்ஸே போகாத ஓரிடம். எனக்கு லைசென்ஸ் கிடையாது. இரண்டு தடவை டெஸ்டில் ஃபெயிலாகி, மூன்றாம் தடவை போக ரோஷப்பட்டுக்கொண்டு கிடந்தேன். வேலையில் சேர்ந்த இரண்டாவது நாளே, "நான் அந்தப் பக்கமாத்தான் வர்றேன், கீழ நில்லு, ஏத்திக்கிறேன்" என்றீர்கள். பிளெய்ன்ஸ்பரோ உங்களுக்கு அந்தப் பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம் என்பது மேப் பார்க்கப் பழகிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

முதல் நாள் "அக்கா" என்றேன். "எங்க காயல்பட்டினத்துல ராத்தான்னுதான் கூப்பிடுவாங்க. அக்கான்னா யாரையோ கூப்பிடுற மாதிரி இருக்கு" என்றீர்கள். கோபிச்செட்டிபாளையத்துக்காரி நான். என் வாயில் அது முதலில் "ராத்தாங்க" என்றுதான் வந்தது. அதற்கே ரூட் ஒன் சிக்னலில் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தீர்கள்.

ரம்ஜான் மாதத்தில் நீங்கள் நோன்போடு கார் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து இட்லி தின்றுகொண்டு வருவேன். ஒருநாள் கூச்சமாக இருந்து மூடிவைத்தேன். "நோன்பு எனக்குத்தான், உனக்கில்ல. சாப்பிடு. சட்னி மட்டும் சீட்ல சிந்தாத" என்றீர்கள். அன்றைக்கென்று பார்த்துச் சிந்தினேன்.

நம் கம்பெனி வங்கிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிற சின்னக் கம்பெனி. பெரிய நாடுகளின் பெரிய வங்கிகள் நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் அப்போதுதான் சின்ன ஊர்களுக்குள் கிளைகள் திறக்க ஆரம்பித்திருந்த வங்கிகள்தான் நமக்குப் படியளந்தன. அதுவரை வங்கி வாசலையே மிதிக்காத தையல்காரர்களும் டாக்ஸி ஓட்டுபவர்களும் கணக்குத் தொடங்கினார்கள், தவணைக்கு வாங்கினார்கள். அவர்களில் வட்டி தங்களுக்கு ஹராம் என்று ஒதுங்கி நின்றவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காகவே ஒரே கிளைக்குள் இரண்டு கவுண்டர் போட ஆரம்பித்தார்கள், ஒன்று வழக்கமான கடனுக்கு, இன்னொன்று இஸ்லாமிய முறைக்கு. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு வங்கி அந்த இரண்டாவது கவுண்டருக்கான மென்பொருளை நம்மிடம் கேட்டது. முறையைச் சொல்லித் தர வேண்டியவர் நீங்கள். புரோகிராம் எழுத வேண்டியவள் நான்.

நீங்கள் சென்னையில் வழக்கமான வங்கி ஒன்றில் கடன் கவுண்டரில் இருந்தவர், பிறகு வளைகுடாவில் இஸ்லாமிய வங்கி ஒன்றில் இருந்தவர். இரண்டு கவுண்டரிலும் உட்கார்ந்து எழுந்தவர். நான் எல்லாம் தெரிந்தவளாக, "அட போங்க ராத்தா, வட்டிக்கே வேற பேர் வெச்சிருக்காங்க, அவ்வளவுதானுங்களே" என்றேன். நீங்கள் கோபப்படவில்லை. காரை ஒரு பர்னிச்சர் கடை பார்க்கிங்கில் நிறுத்தினீர்கள். கடை வாசலில் ஒரு லாரியில் இருந்து ஃபிரிட்ஜ் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப அது கீழ விழுந்து நசுங்குதுன்னு வை. யாருக்கு நஷ்டம்?"

"யாரோடதோ அவங்களுக்கு."

"அதான். கடன் கவுண்டர்ல பேங்க் பணத்தை மட்டும் கொடுத்துட்டு ஒதுங்கிக்கும். ஃபிரிட்ஜ் விழுந்தா உன் பாடு. நம்ம கவுண்டர்ல பேங்க் முதல்ல தானே ஃபிரிட்ஜை வாங்கணும். ஆள் போய்ப் பாக்கணும், கைக்கு வரணும். அதுக்கப்புறம்தான் லாபம் வெச்சு, லாபம் இவ்வளவுன்னு சொல்லி, உனக்குத் தவணைக்கு விக்கலாம். நடுவுல கொஞ்ச நேரம் அது பேங்க்கோடது. அந்த நேரத்துல நசுங்கினா பேங்க்குக்குத்தான் நஷ்டம். அந்த நஷ்டத்துக்குத் தயாரா நிக்கிறதாலதான் லாபம் எடுக்கலாம். கைக்கு வராத சாமானை விக்கக் கூடாது."

பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டே இன்னொன்றும் சொன்னீர்கள். "அந்தக் கவுண்டர்காரன் வட்டின்னு சொல்லி வட்டி வாங்குறான். சொல்லிட்டு வாங்குறான், அது அவன் நேர்மை. இந்தக் கவுண்டர்ல வியாபாரம்னு சொல்லிட்டு உள்ள அதையே பண்ணினா, அவனை விட நாம மோசம்." புரிந்தது ராத்தா. அதுதான் இன்றைக்கு என்னைக் கொல்கிறது. புரியாமல் செய்திருந்தால்கூடப் பரவாயில்லை.

நான் மீட்டிங்கில் எழுந்து, ஆறு வாரத்தில் முடித்துவிடலாம் என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகச் சொன்னது. கடனுக்கு எழுதிய பழைய புரோகிராம் கையில் இருந்தது, அதில் வட்டி என்று இருந்ததையெல்லாம் லாபம் என்று மாற்றினால் ஆயிற்று என்ற தைரியம். இதை முடித்ததும் கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணுவதாக வேறு கம்பெனி சொல்லியிருந்தது. வங்கி வாங்குவது, ஆள் போய்ப் பார்ப்பது, பிறகு விற்பது என்று நீங்கள் கேட்ட மூன்றையும் தனித்தனிப் படியாக எழுத, இருந்த புரோகிராமை உடைத்துத் திரும்பக் கட்ட வேண்டும். இன்னும் இரண்டு மாதம் ஆகும். ஆறு வாரம் என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

ஒரே பட்டன் வைத்தேன். வாடிக்கையாளரின் விண்ணப்பத்தைப் பதிந்து அந்தப் பட்டனை அழுத்தியதும் வாங்கியது, பார்த்தது, விற்றது மூன்றும் ஒரே நொடியில் தானாகப் பதிவாகிவிடும். யாரும் கடைக்குப் போக வேண்டாம், எதையும் பார்க்க வேண்டாம். ஆனால் மூன்றுக்கும் ஒரே நேரம் விழுந்தால் ரிப்போர்ட்டில் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் பதினோரு நிமிடம் கூட்டிப் பதியச் சொல்லி எழுதினேன். பத்து நிமிடம் என்றால் யாரோ திட்டமிட்டது போலத் தெரியும் என்று பதினொன்று வைத்தேன். அவசரத்தில் நடந்துவிட்டது என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். அவசரத்தில் செய்கிறவள் பத்தா பதினொன்றா என்று யோசித்திருக்க மாட்டாள்.

உங்களுக்குச் சோதனை காட்டியபோது கணினியில் நான்தான் உட்கார்ந்தேன். உங்களிடம் கொடுத்தது கடைசியில் அச்சாகி வந்த ரிப்போர்ட் மட்டும். நேரங்களைப் பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் அடித்தீர்கள். "மாஷா அல்லாஹ், சொன்ன மாதிரியே பண்ணிட்ட" என்று என் தலையில் கைவைத்தீர்கள். அதே மாலையில் அந்த வங்கியின் மார்க்க அறிஞர்கள் குழு போனில் இருந்தது. கைக்கு வராமல் விற்கவே முடியாதா, பார்த்தீர்களா என்று அவர்கள் கேட்க, "நானே பார்த்தேன்" என்று நீங்கள் சொன்னபோது பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன், அவ்வளவுதான் செய்தேன்.

கவுண்டர் திறந்தது. அடுத்த வாரம் ஒரு புதன்கிழமை காலை காரில் ஏறியதும் என் மடியில் ஒரு தாளை வைத்தீர்கள். முதல் வாரத்தின் ரிப்போர்ட். ஒரு தையல் மெஷினுக்கு நேராகப் பென்சில் கோடு. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு இருபத்து நான்குக்கு வாங்கியது, பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு அதிகாரி கடையில் பார்த்தது, பன்னிரண்டு நாற்பத்தாறுக்கு விற்றது.

"வெள்ளிக்கிழமை பன்னெண்டரைக்கு அங்க கவுண்டரையே சாத்திடுவாங்க. எல்லாரும் ஜும்மாத் தொழுகைக்குப் போயிடுவாங்க. அந்த அதிகாரிகிட்ட போன் போட்டுக் கேட்டேன், முதல் வரிசையில உக்காந்திருந்தேங்கிறார். அப்ப கடையில போய் மெஷினைப் பாத்தது யாரு?"

தாளைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தேன்.

"மத்ததையும் பாத்தேன். எல்லாத்துலயும் பதினோரு நிமிஷம். ஒண்ணுலகூட பன்னெண்டு இல்ல. இதை நீ எழுதினியா, இல்ல கம்ப்யூட்டரே தப்பா எழுதுதா?"

கம்ப்யூட்டர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், உங்கள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. "டயமே இல்லீங்க ராத்தா. அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிரலாம்னு இருந்தேனுங்க" என்றேன். நீங்கள் ஆபீஸ் பார்க்கிங்கில் இன்ஜினை அணைத்த பிறகுதான் பேசினீர்கள்.

"நான் வாக்கு கொடுத்திருக்கேன்மா. என் வாயால நானே பார்த்தேன்னு சொல்லியிருக்கேன். அந்த ஜனங்க அதை நம்பித்தான் வந்து வாங்குறாங்க. நாளைக்கு நான் சொல்லியாகணும். ஆனா இன்னைக்கே நீ போய் மேனேஜர்கிட்ட சொல்லிடு. நீயா சொன்னா அது தப்பு, திருத்திக்கலாம். நான் சொன்னா உன் வேலை போயிடும்." எனக்கு ஒரு நாள் கொடுத்தீர்கள். உங்களுக்கு முன்னால் நான் போகட்டும் என்று வழிவிட்டீர்கள்.

உங்களுக்கு முன்னால்தான் போனேன். மேனேஜர் நல்ல மனிதர், அமெரிக்கர், எதையும் உரக்கப் பேசத் தெரியாதவர். என்ன விஷயம் என்றார். பதினோரு நிமிடத்தைச் சொல்லத்தான் போனேன் என்று சத்தியம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. போகும்போது என்ன நினைத்துக்கொண்டு போனேன் என்றே எனக்குத் தெரியாது. அவர் எதிரில் உட்கார்ந்ததும் இதைத்தான் சொன்னேன். ராத்தா வேலை முடிந்த பிறகும் மாற்றங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார், இதில் தன் மதத்தைக் கொண்டுவருகிறார், அவரோடு வேலை செய்யச் சங்கடமாக இருக்கிறது.

ஆங்கிலத்தில் சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லிச் சொன்னேன். 2003-ல், இரட்டைக் கோபுரம் இடிந்து இரண்டே வருடத்தில், நியூ ஜெர்சியில், ஒரு முஸ்லிம் பெண்ணைப் பற்றி. தலையில் துணி கட்டிக்கொண்டு கடைக்குப் போனால் யார் என்ன சொல்வார்களோ என்று நீங்கள் மகளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிற நாட்கள் அவை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் மதம் என்ற அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தேன். மேனேஜர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அதுவரை அந்த அறைக்கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. செய்தது என்னவென்று அப்போதே புரிந்தது. அப்போதும் ஒரு வார்த்தை திருத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்று மதியமே உங்களைக் கூப்பிட்டார்கள். பட்ஜெட் இல்லை, இரண்டு வாரத்தில் வேலை முடிகிறது, அதுவரை அந்த வங்கியோடு பேச வேண்டாம். வீட்டில் உங்கள் சம்பளம் ஒன்றுதான். உங்கள் வீட்டுக்காரருக்கு உங்கள் விசாவை ஒட்டிய விசா, வேலை பார்க்க முடியாது. இன்னொரு கம்பெனி கிடைக்காவிட்டால் மகளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து பாதியில் நிறுத்திக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். கிடைக்கவில்லை, போனீர்கள்.

அந்த இரண்டு வாரமும் நீங்கள் வழக்கம் போலக் கீழே வந்து என்னை ஏற்றிக்கொண்டீர்கள். பதினோரு நிமிடத்தைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்கவில்லை. மேனேஜரிடம் சொல்லிவிட்டாயா என்றும் கேட்கவில்லை. மகளின் ஸ்கூல் புத்தகங்களை நூலகத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும், கட்டிலை யாராவது வாங்கிக்கொள்வார்களா, இப்படித்தான் பேச்சு. "மூணாவது டெஸ்டுக்குப் போ. பயப்படாத, ரிவர்ஸ்ல மட்டும் மெதுவா எடு" என்றீர்கள். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நிம்மதியை இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நீங்கள் ஊருக்குப் போன மறுமாதம் வங்கியில் இருந்து கடிதம் வந்தது. மூன்று படிகளும் உண்மையில் தனித்தனியாக நடப்பதில்லை என்று தங்களுக்குத் தெரியவந்திருக்கிறது, உடனே சரிசெய்ய வேண்டும் என்று. அதுவரை நடந்த விற்பனைகளில் வந்த லாபத்தைத் தங்களுக்கு ஆகாது என்று சொல்லி முழுக்கத் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். யாரால் தெரியவந்தது என்றோ யார் செய்தது என்றோ அதில் இல்லை. வாக்கைக் காப்பாற்றிவிட்டீர்கள், என் பெயரையும் விட்டுவிட்டீர்கள். இரண்டு மாதம் உட்கார்ந்து ஒழுங்காக எழுதினேன். அதே இரண்டு மாதம்தான் ராத்தா, நீங்கள் முதலில் கேட்டது.

நான் எழுதியது இன்று பல நாடுகளில் ஓடுகிறது. வழக்கமான வங்கிகளே போட்டி போட்டுக்கொண்டு இரண்டாவது கவுண்டர் திறக்கின்றன. என்னை அந்தத் துறையின் ஆள் என்று மேடையேற்றி ஃபிரிட்ஜ் கதையைச் சொல்லச் சொல்கிறார்கள். "எனக்கு ஒரு கொலீக் சொன்னது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவேன். இத்தனை வருடத்தில் உங்களுக்கு ஒரு மெயில் போட்டதில்லை. பெருநாள் வாழ்த்துக்கூட அனுப்பியதில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் பழைய ஆபீஸ் தோழி ஒருத்தி பேச்சோடு பேச்சாக நீங்கள் இறந்துவிட்ட செய்தியைச் சொன்னாள். புற்றுநோயாம். நம்பர் வாங்கிச் சென்னைக்குப் போன் செய்தேன். உங்கள் வீட்டுக்காரர்தான் எடுத்தார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், பதினோரு நிமிடம், மேனேஜர், அந்த வாக்கியம். "அண்ணா, ராத்தாவுக்குக் கடைசி வரைக்கும் இது தெரியாதுங்கண்ணா" என்றேன்.

"தெரியும்மா" என்றார். "அந்த மேனேஜருக்கு மறைக்கத் தெரியல. உன் பேரைச் சொல்லித்தான் சொல்லியிருக்கார். அன்னைக்குச் சாயந்தரமே வந்து எங்கிட்ட சொன்னா. எனக்கு ஆத்திரம் தாங்கல. நாளையிலேர்ந்து அவளைக் கார்ல ஏத்தாதன்னேன். 'அவளுக்கு லைசென்ஸ் இல்லீங்க, பஸ்ஸும் கிடையாது, எப்படிப் போவா'ன்னு கேட்டா."

வேலை நாட்கள் பத்து ராத்தா. காலையும் மாலையும். தெரிந்துகொண்டே ஏற்றிப்போனீர்கள், தெரிந்துகொண்டே இறக்கிவிட்டீர்கள். ஒவ்வொரு தடவையும் இறங்கிக் கதவைச் சாத்தும்போது சிரித்துக்கொண்டு "தேங்க்ஸ் ராத்தா" என்று சொல்லியிருக்கிறேன். இருபது தடவை. அந்த இருபதையும்தான் சுமந்துகொண்டு திரிகிறேன்.